உர ரூம் சாவி

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து சாரல். குடைக் கம்பி போன வாரமே உடைந்தது. ஊட்டி போய்ச் சேர்வதற்குள் இடது தோள் முழுக்க ஈரம். துணி காயாது. இந்த மாதம் எதுவுமே காயாது.

எம்.எஸ்.டபிள்யூ. இரண்டாம் வருடம், முதல் வகுப்பு. ஸ்பெஷலைசேஷன் எது என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்று இருக்கிறது: சமுதாய மேம்பாடு, மருத்துவமும் மனநலமும், எச்.ஆர். எதை எடுக்கிறோமோ அதற்கேற்ற இடத்தில் களப்பயிற்சி.

ஹெச்.ஓ.டி. சார் வகுப்பில் சொன்னது: "பசங்க எச்.ஆர். எடுங்க. பொண்ணுங்களுக்கு ஆஸ்பத்திரிதான் பொருத்தம். இயல்பாவே பொறுமை ஜாஸ்தி, கருணை ஜாஸ்தி."

எனக்குப் பொறுமை கிடையாது. அம்மாவைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வாள். இவருக்கு யார் சொன்னது?

எனக்கு எச்.ஆர்.தான். அதிலும் தொழிலாளர் நலம். சேரும்போதே முடிவு செய்தது. கீழ் கோத்தகிரிப் பக்கம் எங்கள் தேயிலை எஸ்டேட்டில் ஒரு வெல்ஃபேர் ஆபீசர் இருக்கிறார் (இனி வெ.ஆ.). அம்மா கொழுந்து மூட்டையோடு வழுக்கி விழுந்து கை முறிந்து கிடந்தபோது எங்கள் லைன் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்று கேட்டது ஒரே கேள்வி: "என்ன செருப்பு போட்டிருந்த?" எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அந்த நாற்காலி எனக்கு வேண்டும். அதில் உட்கார்ந்து வேறு கேள்வி கேட்க வேண்டும். வேறு லட்சியம் எதுவும் இல்லை.

வாங்க: ஏ4 தாள், ஊதா பேனா, அம்மாவின் நீர்க்கடுப்புக்கு மாத்திரை. குடை ரிப்பேர்.

ஜூலை 8, செவ்வாய்

கொதிக்கிறது. எழுதினால்தான் தூக்கம் வரும்.

ஹெச்.ஓ.டி. அறைக்குப் போனேன். எச்.ஆர். பயிற்சிக்கு இந்த வருடம் மலையில் ஒரே இடம்தானாம், மற்றதெல்லாம் கோவை மில்கள். கோவை என்றால் ஹாஸ்டல், நமக்கு ஆகாது. அந்த ஒரே இடம் எது என்று பார்த்தால் எங்கள் எஸ்டேட். வீட்டிலிருந்து நடந்தே போகலாம். சந்தோஷத்தில் சிரித்துக்கூட விட்டேன்.

சார் அங்கேயே மேனேஜருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். ஒரு பெண் மாணவி வருகிறாள் என்றார்.

"லேடி ட்ரெய்னியா? கஷ்டம் சார். ஃபீல்டுல லேடீஸுக்கு டாய்லெட் எதுவும் கிடையாது. ஒரு பையனா அனுப்பிருங்களேன்."

சார் தலையாட்டினார். "நியாயந்தான் சார், நியாயந்தான்."

போனை வைத்ததும் நான், "சார், அங்க கொழுந்து எடுக்கறவங்க எல்லாருமே லேடீஸ்தான்" என்றேன்.

"அவங்களுக்குப் பழகியிருக்கும்மா."

பழகியிருக்கும்.

போன செமஸ்டர் தோட்டத் தொழிலாளர் சட்டம் நடத்தியவர் இதே மனிதர். கழிப்பறை, குடிநீர், குழந்தைக் காப்பகம் என்று விரல் மடக்கிச் சொல்லி எங்களையும் ஒப்பிக்க வைத்தார். பரீட்சையில் கேள்வியாகவும் கேட்டார். எழுதி மார்க் வாங்கினேன். அந்தச் சட்டத்தை மேனேஜர் மீறுகிறார் என்று மேனேஜரே போனில் சொல்கிறார், சாருக்கு உறைக்கவே இல்லை. எனக்கு ஆஸ்பத்திரியில் இடம் பிடித்துத் தருகிறாராம்.

பஸ்ஸில் ஜன்னல் சீட். ஒன்றும் பார்க்கவில்லை.

ஜூலை 9, புதன்

அம்மாவிடம் சொன்னேன். நான் எதிர்பார்த்தது கோபம். அம்மாவுக்குச் சிரிப்பு.

"டாய்லெட் இல்லீன்னா உன்னைய வேண்டாம்னுட்டாங்க? அப்ப நாங்கெல்லாம் ஆருடி?"

பிறகு அவளாகவே சொன்னாள், சோறு போட்டுக்கொண்டே, ஏதோ ஊர்க்கதை மாதிரி. ஒருத்தி செடி மறைவுக்குப் போனால் இன்னொருத்தி காவல். மேஸ்திரி அந்தப் பக்கம் வந்தால் இருமுவது. அட்டைக் கடி. காட்டெருமை நின்றால் அடக்கிக்கொள்வது. மாசமாசம் அந்த நாட்களில் இரட்டைத் துணி. எல்லாவற்றுக்கும் சுலபமான வழி, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. காலையில் அம்மா கொண்டுபோகிற பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வரும். நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றியிருக்கிறேன். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

நீர்க்கடுப்புக்கு எஸ்டேட் டிஸ்பென்சரியில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன்.

"தண்ணி நெறைய குடிக்கோணுமாமா."

மாத்திரை வாங்க மறந்துவிட்டேன். நாளை கட்டாயம்.

கடைசியில் அம்மா: "ஆஸ்பத்திரிக்கே போ அம்மிணி. மழை படாம உக்காந்துக்கலாம். தொரைகிட்ட வாயக் குடுக்காத."

ஜூலை 11, வெள்ளி

கடைசி நாள். மத்தியானம் வரை மூடுபனி, எதிரே வருகிற ஆள் தெரியவில்லை.

எஸ்டேட் இடம் என் வகுப்பு நவீனுக்கு என்று பேச்சு. நல்ல பையன்தான். "எனக்கு பேங்க் எக்ஸாம்தான் முக்கியம், எங்க போட்டாலும் சரி" என்றான். அவனுக்கு வேண்டாத இடம் அவனுக்கு. ஜென்னி (குன்னூர் டீச்சர் மகள், என் பெஞ்ச்) "விடு, ஆஸ்பத்திரில நாம ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கலாம்" என்றாள். அவள் மேலும் எரிந்து விழுந்தேன். பாவம்.

தாளில் எச்.ஆர். என்று எழுதி நேரே ஹெச்.ஓ.டி. மேசையில் வைத்தேன்.

"ப்ளேஸ்மென்ட்டுக்கு என்ன பண்ணுவ?"

"எஸ்டேட்டுக்கே போறேன் சார்."

"அதான் வசதி இல்லைன்னுட்டாரே."

"எங்கம்மா அங்கதான் சார் வேலை செய்யறாங்க. அவங்க போற எடத்துக்கு நானும் போய்க்கறேன். எனக்கும் பழகிரும்."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார். நான் விடவில்லை. "இல்லாட்டி மேனேஜர் சொன்ன காரணத்தை அப்படியே ரிப்போர்ட்டுல எழுதித் தர்றேன் சார். சட்டம் நீங்க நடத்துனதுதான்."

"எழுதறதெல்லாம் வேண்டாம்மா" என்று அவசரமாகச் சொன்னார். போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார், இந்தத் தடவை ஸ்பீக்கர் இல்லை. மூன்று மணிக்குக் கூப்பிட்டுச் சொன்னார்: திங்கள் முதல் போகலாம், அவர்கள் ஏதோ ஏற்பாடு செய்கிறார்களாம். நவீனுக்குக் கோவை. அவன் கோபப்படவில்லை, டீ வாங்கிக் கொடுத்தான்.

மாத்திரை வாங்கினேன்.

ஜூலை 12, சனி

துவைத்தது காயவில்லை. அடுப்பு மேல் கொடி கட்டி என் பயிற்சி யூனிஃபார்ம் சேலை. புகை நாற்றம் அடிக்கும், என்ன செய்வது.

அம்மா தாமதமாக வந்தாள், கை முழுக்க ஃபினாயில் வாடை. கொழுந்து எடை போடும் ஷெட்டுக்குப் பின்னால் இருக்கும் உர ரூமில் மூட்டையெல்லாம் வெளியே தள்ளிவிட்டுக் கழுவச் சொன்னார்களாம். அம்மாவும் பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி அக்காவும். தரையில் யூரியா கட்டியாகப் பிடித்திருந்ததாம், கரண்டி வைத்துச் சுரண்டினார்களாம்.

"ஆரோ ஆபீசரம்மா வாராங்களோ என்னமோ. சுண்ணாம்பு வேற அடிக்கறாங்க."

இன்ஸ்பெக்ஷனாக இருக்கும் என்றேன். வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். இடுப்பு வலி என்று சீக்கிரம் படுத்துவிட்டாள்.

ஜூலை 14, திங்கள்

முதல் நாள். எப்படி எழுதுவது?

வெ.ஆ. என்னைப் பார்த்ததும், "அட, நம்ம சரோஜா பொண்ணா" என்றார். உடனே குரலை மாற்றி "உக்காருங்க மேடம்." லைனில் என்னை "ஏய் புள்ள" என்று கூப்பிட்டவர்.

டீ. பிஸ்கட். பிறகு எடை ஷெட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார். உர ரூம். வெள்ளைச் சுண்ணாம்பு, நீல வாளி, புது மக், சோப்பு, ஒரு கண்ணாடிகூட. உள்ளே இரண்டு கதவு, பழைய பீங்கான் தொட்டி, குழாய்.

கழிப்பறை. கட்டும்போதே கழிப்பறையாகக் கட்டியது. சட்டத்துக்குக் காட்ட என்றைக்கோ கட்டி, பிறகு உரத்தை அடுக்கிவிட்டார்கள். அம்மாவுக்கு அது எப்போதும் உர ரூம்தான். "ஃபீல்டுல எதுவும் கிடையாது" என்று மேனேஜர் சொன்னாரே, அதுவும் பொய். இருந்தது. பூட்டியிருந்தது. ஒரு சனிக்கிழமை வேலை, அவ்வளவுதான், இத்தனை வருடத்துக்கு.

சாவியை என் கையில் வைத்தார், சிவப்பு நூல் கட்டி.

"இது உங்களுக்கு மட்டும் மேடம். உங்கம்மாகிட்டயும் சொல்லி வெச்சிருங்க. இதுகள உட்டா அசிங்கம் பண்ணிரும்."

இதுகள். என் அம்மா கரண்டி வைத்துச் சுரண்டிய தரையில் நின்றுகொண்டு என்னிடமே சொல்கிறார். சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். முதல் நாள், பயிற்சி மணி நேரத்துக்குக் கையெழுத்துப் போடப் போகிறவர் இவர்தான் என்ற நினைப்பு. அந்த நினைப்புக்காக என் மேலேயே கோபம்.

நாள் முழுக்க அங்கே போகவில்லை. அடக்கிக்கொண்டே இருந்து வீட்டுக்கு ஓடி வந்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

நேற்று சொல்ல முடியவில்லை. இன்று சாவியை அம்மா முன்னால் வைத்தேன்.

"அடியே, அப்ப உனக்குத்தான் கழுவுனனா?" சிரித்தாள், இருமல் வரும்வரை சிரித்தாள். பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்கள்.

சாவியை நீ வைத்துக்கொள், எல்லாரும் போங்கள் என்றேன். சிரிப்பு நின்றது.

"வேண்டாம்."

"ஏம்மா?"

"நாளைக்கு என்னையக் கூப்புட்டுக் கேப்பாங்க. உன்ற கையெழுத்தையும் நிறுத்திப்போடுவாங்க."

பயந்து பயந்துதான் இப்படி இருக்கிறீர்கள் என்று கத்தினேன். பாப்பாத்தி அக்கா எழுந்து போய்விட்டார். அம்மா கத்தவில்லை.

"நீ பயிற்சி முடிச்சுட்டுப் போயிருவ. நான் ரிட்டயர் ஆவற வரைக்கும் அவனுக மூஞ்சியிலதான் முழிக்கோணும்."

எனக்கு அழுகை. விளக்கை அணைத்துப் படுத்தோம். சாவி ஜன்னல் கட்டையிலேயே கிடக்கிறது.

ஜூலை 17, வியாழன்

நேற்று ஒன்றும் நடக்கவில்லை. ஃபைல் அடுக்கினேன், அவ்வளவுதான். அம்மா இரண்டு நாளாக அளந்துதான் பேசுகிறாள். காலையில் கிளம்பும்போது ஜன்னல் கட்டையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டேன்.

இன்று நாலாம் நம்பர் காட்டில் கொழுந்து எடுப்பு. எடை ஷெட்டுக்கு நேர் மேலே. மதிய எடைக்குப் பெண்கள் மூட்டையோடு இறங்கி வந்து வரிசையில் நின்றார்கள். அம்மா நடுவில். முகம் வெளிறி, அடிவயிற்றில் கை. நீர்க்கடுப்பு மறுபடி.

வெ.ஆ. என்னைப் பக்கத்தில் நிறுத்தி அறிமுகம் செய்தார். காலேஜிலிருந்து மேடம், உங்கள் நலன் பற்றிப் படிக்க வந்திருக்கிறார், கேட்டால் பதில் சொல்ல வேண்டும். பிறகு, "பின்னாடி மேடத்துக்குன்னு ரூம் ரெடி பண்ணிருக்கு. அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாது. சுத்தமா வெச்சிருக்கோம்."

நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் வரிசையிலிருந்து குரல்.

"கழுவுனது நானுங்க சார்."

அம்மா. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு முன்னால் வந்தாள். நேரே என்னிடம். என்னைப் பெற்றவள் எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்து, "மேடம், எனக்கு அவசரமுங்க. சாவி குடுங்க" என்றாள்.

கொடுத்தேன். சிவப்பு நூல் விரலில் சிக்கிக்கொண்டது, அம்மாதான் பிரித்து எடுத்தாள்.

"அடுத்தது நானு" என்றார் பாப்பாத்தி அக்கா. அவர் பின்னால் இன்னொருத்தி. எடை வரிசை அப்படியே திரும்பி ஷெட்டுக்குப் பின்னால் போய் நின்றது. எடை போடுகிறவர் தராசைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றார்.

வெ.ஆ. முகம் சிவந்துவிட்டது. "மேடம், நீங்களாவது சொல்லக் கூடாதா?"

"என்னங்க சார் சொல்றது? வெல்ஃபேர்தானுங்களே."

ஜூலை 18, வெள்ளி

மழை விட்டு நல்ல வெயில். யூனிஃபார்ம் சேலை காய்ந்தது.

மேனேஜர் கூப்பிட்டார். சாவி எங்கே என்றார். என்னிடம் இல்லை என்றேன். வாங்கித் தா என்றார். எனக்குக் கொடுத்த சாவி, நான் கொடுத்துவிட்டேன் என்றேன். பயிற்சியை நிறுத்திவிடுவேன் என்றார். சரிங்க சார், என்ன காரணத்துக்காக என்று எழுதிக் கொடுங்கள் என்றேன். "போம்மா, அப்புறம் பாக்கலாம்."

ஹெச்.ஓ.டி. சாரிடமிருந்து மிஸ்டு கால், மிஸ்டு கால், மிஸ்டு கால். கடைசியில் எடுத்தேன். திங்கள் காலை அறைக்கு வர வேண்டுமாம், மேனேஜர் சமாதானம் ஆகவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கு மாறிக்கொள்ள இப்போதும் வழி இருக்கிறதாம், எனக்காகத் தேதியை நீட்டியிருக்கிறாராம். திங்கள் வருகிறேன் சார், எச்.ஆர்.தான் சார் என்று சொல்லி வைத்துவிட்டேன். என்ன ஆகும் தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

சாவி பெண்களிடையே சுற்றுகிறது. யாரிடம் இருக்கிறது என்று வெ.ஆ. கேட்டால் எல்லாரும் அடுத்தவளைக் காட்டுகிறார்களாம்.

சாயங்காலம் அம்மா வந்ததும் பாட்டிலை எடுத்தேன், செடிக்கு ஊற்ற. காலி.