வாக்குப் போடாதவர் பட்டியலில் நீயும் நானும்

ஹேடி கண்ணு,

இல்லை, அப்பாவுக்குக் கோபம் தீரவில்லை. ஆனால் உன்னைப் போனில் அழைப்பார். எப்படி என்று சொல்கிறேன். நாங்கள் நலம், இங்கே ஸ்பார்க்ஸில் குளிர் இறங்கிவிட்டது, ஓஸ்லோவில் நீ காதை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறாய் என்று நம்புகிறேன்.

இந்தத் தேர்தலில் நம் நெவாடா மாநிலம் எந்தப் பக்கம் சாயும் என்று நாடே பார்க்கிறது. முன்கூட்டி வாக்களிப்பு நடக்கிறது. மாலையானால் கணக்கு வருகிறது, வாக்களித்தவர்களில் குடியரசுக் கட்சியின் யானைக்காரர் இத்தனை, ஜனநாயகக் கட்சியின் கழுதைக்காரர் இத்தனை, எதிலும் சேராதவர் இத்தனை என்று. யானைக் கட்சியின் பகுதிப் பொறுப்பாளர் அல்லவா, அப்பா அதைப் பிரிட்ஜ் கதவில் எழுதுகிறார். கழுதைக் கட்சிக்கு அதே வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு டோலோரஸ் அவள் பிரிட்ஜில். காலையில் வேலிக்கு இருபுறமும் காபிக் கோப்பைகள். என்ன வெர்ன், உங்க யானை இன்னும் எந்திரிக்கலையா என்கிறாள். உங்க கழுதை மத்தியானம் படுத்துரும் பாருங்க என்கிறார் இவர். வந்தவர் எந்தக் கட்சி என்றுதான் அந்தக் கணக்குச் சொல்லும், யாருக்குப் போட்டார் என்று சொல்லாது. டோலோரஸின் கணவன் ரே பதிவில் யானை. அவன் வாக்களித்த அன்று இரண்டு பிரிட்ஜிலும் அவரவர் கட்சிக்கு ஒரு கோடு ஏறியது. ரே வாயே திறக்கவில்லை. இரண்டு வீட்டிலும் சாப்பிட மட்டும் திறந்தான்.

நான் எதிலும் சேராதவள் அல்லவா. தபாலில் வந்த என் வாக்குச்சீட்டு மாவு டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. அனுப்பிவிட்டால், இன்னும் வாக்குப் போடாதவர் என்று இரு கட்சியும் துரத்துகிற பட்டியலிலிருந்து பெயர் போய்விடும், பிறகு என்னை யார் சீண்டுவார்கள்? இப்போது டோலோரஸ் பூசணிப் பை சுட்டுக் கொண்டுவருகிறாள். அப்பா பாத்திரம் கழுவுகிறார். நம்பு. எப்பத்தான் போடப்போற, பொறுப்பாளர் வீட்டுலயே ஒரு ஓட்டு பாக்கின்னு எங்க ஆளுங்க சிரிக்கிறாங்க என்று நுரைக் கையோடு கெஞ்சுகிறார். யோசிக்கிறேன், அந்த வாணலியும் அழுக்காத்தான் இருக்கு என்றேன்.

இனி உன் விஷயம். அவர் கட்சியிலிருந்து நீ பெயரை எடுத்த நாளிலிருந்து பேச்சில்லை. கழுதையில் சேர்ந்திருந்தால் நீ டோலோரஸின் பாடு. எதிலும் சேரவில்லை, முகவரியும் இந்த வீடு. அதனால் அப்பாவின் பட்டியலில் இருக்கிறாய். ஒரு பெயரையும் விடக்கூடாது என்று ஊருக்குப் பாடம் நடத்துகிறவர். தெருவில் மற்ற எல்லாரையும் அழைத்துவிட்டார். நேற்று உன் பெயர்மேல் பேனாவை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அவ நம்பர் மாறிருச்சா என்றார். மாறலை என்றேன். அவ்வளவுதான். கழுவின பாத்திரங்களை மறுபடி கழுவினார்.

ஆகவே அவசரப்பட்டு வாக்குச்சீட்டை அனுப்பிவிடாதே. அழைத்தால், இன்னும் முடிவு பண்ணலப்பா என்று சொல். விளக்குவார். மறுநாளும் விளக்குவார். எரிச்சல் வந்தால் விழுங்கிக்கொள். கெடு முடிவதற்குள் அனுப்பு, யாருக்கு என்பது உன் பாடு. கையெழுத்து மட்டும் பதிவில் உள்ளது போலவே இருக்கட்டும், இல்லையென்றால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உடம்பும் மனசும் சுகமாக இரு, கண்ணு.

உன் அம்மா,
மேரன்

பி.கு. இதை அனுப்பப் போகும்போது கராஜில் அப்பாவின் குரல். வணக்கம், நான் வெர்ன், உங்கள் பகுதிப் பொறுப்பாளர். நிறுத்தி, தொண்டையைச் செருமி, மறுபடி முதலிலிருந்து ஒத்திகை. நான் எழுந்துபோய், எனக்குக் கேட்கவில்லை என்று அவர் நினைக்கட்டுமென்று குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, பாத்திரங்களை நானே கழுவினேன்.