கொளஞ்சியப்பருக்குச் சொன்ன விலாசம்

விருத்தாசலம்

அன்புள்ள நிலவனுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம், அப்பாவின் முழங்கால் வலி எங்களைவிடச் சௌக்கியம். உங்கள் ஊர்க் குளிர் குறைந்ததா, எழுது.

போன வாரம் வீடியோவில் பக்கத்து வீட்டுப் பிரபாவைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, பாப்பா இப்படி இளைச்சிட்டா?" என்று கேட்டாயே, அவள் என் தோளுக்குப் பின்னாலேயே நின்றதால் வளர்கிற பிள்ளை என்று மழுப்பிவிட்டேன். விஷயம் இதுதான். அவள் அப்பா கலியமூர்த்தி, பீங்கான் பொம்மைச் சூளையில் வேலை பார்த்தவன், திருவிழாத் தகராறில் ஒருத்தன் மண்டையை உடைத்துவிட்டு ஒரு வருடத் தண்டனையில் கடலூர் ஜெயிலில் இருக்கிறான். அவன் மனைவி செல்வநாயகி, அப்பா குஜராத்தில் மோர்பிக்கு டைல்ஸ் வேலைக்குப் போயிருக்கிறார் என்று மகளிடம் சொல்லிவிட்டாள். நம் தெருவிலேயே இரண்டு பேர் அங்கே இருப்பதால் பொய் நன்றாகப் பொருந்திவிட்டது. மளிகைக்கடை விருத்தகிரி, "ஒங்கப்பா அங்க மேஸ்திரியா ஆயிட்டாராம் பாப்பா" என்றார். மறுவாரம் எதிர்வீட்டுப் பெரியம்மாள் அவனை மேனேஜர் ஆக்கினாள். உன் அப்பா சும்மா இருப்பாரா, வேப்பூரில் பால்கோவா வாங்கிவந்து, "குஜராத்து ஸ்வீட்டும்மா, ஒங்கப்பா குடுத்தனுப்புனாரு" என்று நீட்டினார். பெட்டியில் வேப்பூர்க் கடையின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. பிரபா அதைப் பார்த்தாள், நகத்தால் அந்த லேபிளைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் அம்மாவிடம் கொண்டுபோனாள். எனக்குச் சுருக்கென்றது. செல்வநாயகியிடம் சொன்னால், "கொழந்தைக்கு என்னாங்க டீச்சர் தெரியும்" என்றாள்.

அதற்குள் பிள்ளைக்குக் காலையானால் வயிற்றுவலி, சோறு இறங்கவில்லை, ஒன்பது வயதில் படுக்கை நனைகிறது. ஓமத் தண்ணீர், பூச்சி மாத்திரை என்று ஆளுக்கொரு வைத்தியம். குடல் ஏறிக்கிடக்குது என்று பெரியம்மாள் எண்ணெய் போட்டு நீவினாள். ஸ்கேனில் ஒன்றுமில்லை. கடைசியில் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டப் போனோம், முருகனுக்குப் புகார் எழுதிக் கட்டுவது உனக்கே தெரியும், பிளஸ் டூ கணக்குக்காக நீயும் கட்டியவன்தானே. எழுதுகிறவர் பிள்ளை பெயரை எழுதிக்கொண்டு, "தகப்பனாரு எங்க இருக்காரு?" என்றார். "மோர்பிங்க, குஜராத்து" என்றாள் செல்வநாயகி. பிரபா அவள் முந்தானையை இழுத்து, "சாமிகிட்டயாவது ஒழுங்கா சொல்லும்மா, கடலூர் ஜெயிலு. அது பாட்டுக்கு குஜராத்து வரைக்கும் போயி தேடிட்டு இருக்கப் போவுது" என்றாள். எழுதுகிறவரின் பேனா நின்றது, பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள், செல்வநாயகி சிரிப்பதா அழுவதா தெரியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். போலீஸ் கூட்டிப்போனதை முதல் நாளே பிள்ளை பார்த்திருக்கிறாள். "எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா நீ அழுவ, அதான் சொல்லல" என்றாள்.

பிறகு குழந்தைகள் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். "வலி நெசந்தாங்க, நடிக்கல. மனசுல அடக்குனது வயித்துல காட்டுது. இனிமே மறைக்காதீங்க, அப்பாவப் பாக்கக் கூட்டிட்டுப் போங்க" என்றார். களிமண்ணுக்குள் காற்று அடைபட்ட பொம்மை சூளையில் வெடிக்கிற மாதிரிதான். முந்தாநாள் போனார்கள். பிள்ளைக்கு எல்லாம் தெரியும் என்று கலியமூர்த்திக்கு யாரும் சொல்லவில்லை, பாவம், கைதி உடையில் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "அப்பா மோர்பியிலேர்ந்து நேத்துதான்..." என்று ஆரம்பித்தானாம். "போதும்ப்பா, சாப்ட்டியா?" என்றாளாம் இவள்.

இப்போது இரண்டு இட்லி இறங்குகிறது. ஆனால் வலி முழுதாகப் போகவில்லை, பள்ளியில் யாராவது கேலி செய்த மறுநாள் திரும்பி வருகிறது. தெருவிலோ அவளைக் கண்டதும் எல்லோரும் பேச்சை மாற்றுகிறார்கள், அதுவும் அவளுக்குத் தெரிகிறது.

நீயும் மருமகளும் மனம் நிறைந்து வாழவும், பேத்தி வெண்பா நோய்நொடி இல்லாமல் வளரவும் எங்கள் ஆசி. உன் கண்ணாடி பவரைச் சோதிக்கச் சொன்னேனே, மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை நீ அழைக்கும்போது பிரபா இங்கேதான் இருப்பாள். எந்த கிளாஸ், என்ன சாப்பிட்டாய் என்று சுற்றாமல், "அப்பாவப் பாத்தியா, எப்படி இருக்காரு?" என்று கேள், அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதே.

உன் அம்மா,
அமுதவள்ளி