நாலேகாலுக்கு விட்ட பள்ளிக்கூடம்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் நலத்தையும் உன் முழங்காலின் நலத்தையும் தனித்தனியாக எழுதவும். சென்ற முறை இரண்டையும் ஒரே வரியில் போட்டுக் குழப்பிவிட்டாய்.

மருமகள் என்னை முதியோருக்கான ஆங்கில வகுப்பில் சேர்த்துவிட்டாள். செவ்வாயும் வியாழனும், நூலகத்தின் மாடியில். பதினொரு பேர், ஆளுக்கொரு நாடு. நில அளவை அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் ஆங்கிலத்தில் குறிப்பு எழுதியவன் நான். ஆனால் பேச வாயைத் திறந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது.

இந்தப் பருவத்தின் பாடம், பள்ளி, பல்கலைக்கழகப் படிப்பு முறைகளை ஒப்பிட்டுப் பேசுவது. ஆசிரியை என்னிடம், பள்ளியை எப்போது விட்டீர்கள் என்று கேட்டார். “நாலேகாலுக்கு” என்றேன். வகுப்பே சிரித்தது. நம் பேச்சில் பள்ளிக்கூடம் தினமும் விடும். இவர்கள் பேச்சில் மனிதன்தான் ஒரேயொரு முறை அதை விடுகிறான். பக்கத்திலிருந்த பேருந்து ஓட்டுநர் தான் பன்னிரண்டு வயதில் விட்டதாகச் சொன்னார். இப்போது பேத்தியோடு சேர்ந்து பல்கலைக்கழகத்துக்கு மனுப் போட்டிருக்கிறாராம். இங்கே அதற்கு வயது வரம்பு இல்லை.

மார்ச் இருபதாம் தேதி நான் ஐந்து நிமிடம் பேச வேண்டும். அதற்காக நம் வீட்டில் யார் எந்த வகுப்போடு நின்றார், என்ன காரணம் என்று கட்டம் போட்டிருக்கிறேன். என் வரிசையை நிரப்பிவிட்டேன். உன் வரிசையில் ‘எட்டாம் வகுப்பு’ என்பது மட்டும் இருக்கிறது. காரணத்தை நானாக எழுதலாமா என்று தெரியவில்லை. நீயே சொல்.

அன்புடன்,
தம்பி

பிப்ரவரி 15

அளவுகோல் தம்பிக்கு அக்கா எழுதுவது.

நான் நலம்.

முழங்கால் நலம். போதுமா?

உன் நாலேகால் கதையைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னேன். “உங்க தம்பி சொன்னதுல என்னக்கா தப்பு?” என்று கேட்டாள். அவளையும் அந்த வகுப்பில் சேர்க்கலாம்.

காரணம்தானே? எழுதிக்கொள். கணக்கில் கோட்டை விட்டேன். வீட்டில் யாருக்கும் தெரியாமல் மதிப்பெண் தாளைக் கிழித்துப் போட்டேன். அப்பாவுக்கு எப்படியோ தெரிந்து, போதும் என்று நிறுத்திவிட்டார். அவ்வளவுதான். அடுத்த வருடம் நீ உயர்நிலைப் பள்ளிக்குப் போனதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அறுபது வருடமாக என் எதிரில் நாற்காலி நுனியிலேயே உட்காருகிறாய். இனிமேலாவது சாய்ந்து உட்கார்.

அக்கா

பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் உண்மையிலேயே சாய்ந்து உட்கார்ந்தேன். அரை மணி நேரம் மிகவும் சுகமாக இருந்தது. பிறகு அப்பாவின் காகிதக் கோப்பை எடுத்துப் பார்த்தேன்.

அப்பா போன பிறகு அவர் பெட்டியிலிருந்த காகிதங்களை அடுக்கி வைத்தவன் நான்தானே. உன் எட்டாம் வகுப்பு மதிப்பெண் தாள் அதில் இருக்கிறது. யாரும் கிழிக்கவில்லை. கணக்கில் தொண்ணூற்றொன்று. வகுப்பில் முதலிடம். தாளின் பின்பக்கம் அப்பா பென்சிலில் எழுதியிருக்கிறார்: ‘ஒருவரைத்தான் படிக்கவைக்க முடியும். பையன்.’

அன்று அப்பா அதை அம்மாவிடம் சொன்னபோது நான் கதவோரம் நின்றேன். ‘அக்காவை அனுப்புங்க’ என்ற மூன்று சொல்கூட இல்லாத வாக்கியம் தொண்டை வரை வந்தது. பயத்தில் விழுங்கிவிட்டேன். நாக்கு அப்போதே ஒட்டிக்கொள்ளப் பழகிவிட்டது போலும்.

நீ எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாய். உனக்கு என் மேல் கோபம் உண்டா, இல்லையா? ஏதாவது ஒன்றை மட்டும் எழுது. எதுவானாலும் தாங்கிக்கொள்வேன் என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

தம்பி

மார்ச் 9

தம்பி,

தொண்ணூற்றொன்று இல்லை. தொண்ணூற்றாறு. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்.

கோபம் இருந்தது. அப்பா மேல் ரொம்ப நாள். உன் மேல் ஒரு மழைக்காலம். நீ மூட்டை மாதிரித் தூக்கிக்கொண்டு வந்த ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்களை உனக்கு முன்னால் நான் படித்து முடித்தேனே, அதில் அது கரைந்துவிட்டது. உன் வீட்டுப்பாடக் கணக்கில் பாதியைப் போட்டுத் தந்தது யார் என்று உங்கள் வாத்தியாருக்குக் கடைசி வரை தெரியாது. உன் கட்டத்தில் அதற்கும் ஓர் இடம் போடு.

பொய் சொன்னது, அத்தனை பேர் முன்னால் நீ தொண்டை அடைத்து நிற்கக் கூடாதே என்றுதான். இப்போது யோசித்தால், நின்றால்தான் என்ன? இருபதாம் தேதி உள்ளதை உள்ளபடி சொல். மதிப்பெண்ணைச் சொல்லும்போது மட்டும் முணுமுணுக்காதே. கடைசி நாற்காலி வரை கேட்கட்டும்.

பேசி முடித்த மறுநாளே அந்தத் தாளைப் பதிவுத் தபாலில் அனுப்பு. நகலை நீ வைத்துக்கொள். அசல் என்னுடையது.

இப்படிக்கு,
உன் அக்கா,
எட்டாம் வகுப்பு, முதலிடம்.