கேப்டனின் பல்லும் டோரீனின் முந்தானையும்

ஜூன் 3, செவ்வாய்

டோரீன் அடுகோடிக்கு, தன் தங்கச்சி ஜோவிதா வீட்டுக்குப் போய்விட்டாள். எங்கள் நாய் கேப்டன் கடித்த கை வீங்கியிருக்கிறது. ஊசி போட்டாயிற்று. ஆட்டோவில் ஏறும்போது சொன்னாள்: "அது கடிக்கிறத நிறுத்தட்டும், வர்றேன். இல்லன்னா அதோடயே குடும்பம் நடத்துங்க."

எங்கள் நீலசந்திரா ஏரியா முழுக்கக் கேட்டிருக்கும்.

நாய்கள் காப்பகத்திலிருந்து எடுத்து வந்தபோது கேப்டன் குட்டி. இப்போது மீசை முளைக்கிற வயசு, அவ்வளவுதான். மிலிட்டரி டிப்போவில் என் விசிலுக்கு நாய்ப்படையே எழுந்து நிற்கும். (நான் லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன் என்பது வேறு விஷயம்.) இந்தப் பொடிப்பயலை அடக்க முடியாதா எனக்கு?

ஜூன் 5

ரசம் வைத்தேன். பெரிய ஓட்டல்காரன் பார்த்திருந்தால் கையோடு கூட்டிப்போயிருப்பான். ஆனால் வாயில் வைக்க முடியவில்லை.

டோரீன் போனில், "சாப்ட்டீங்களா?" என்றாள். பிரியாணி என்றேன்.

ஜூன் 8, ஞாயிறு

காப்பகத்துப் பெண் பிரிஸில்லா வந்தாள். என் பயிற்சியைக் காட்டினேன். இடது கையில் கோணிச்சாக்கைச் சுற்றிக்கொண்டு "அட்டாக்" என்பேன், கேப்டன் பாய்ந்து தொங்குவான், தெருவே கைதட்டும்.

அவள் கைதட்டவில்லை. "தினமும் இத செய்றீங்களா அங்கிள்?"

"சாயங்காலமானா தவறாது."

"ஆன்ட்டிய எப்ப கடிச்சான்?"

சர்ச்சில் பூசைக்குக் கிளம்பி, மழையில் நனையாமலிருக்க முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள், அப்போது... சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்திவிட்டேன்.

"துணி சுத்தின கைன்னா கடிக்கணும்னு அவன் படிச்சிட்டான். நல்லா சொல்லிக் குடுத்திருக்கீங்க," என்றாள்.

இனி பல் பட்டால் கத்தக்கூடாதாம், கையை இழுக்கக்கூடாதாம். நான் கத்துவது அவனுக்கு விளையாட்டாம். சிலை மாதிரி நிற்கணும். துணி சுற்றிய கையைப் பார்த்து அவன் உட்கார்ந்தால் மட்டும் கோழித்துண்டு.

"பேசாமலா?" என்றேன்.

"பேசாமதான் அங்கிள்."

ஜூன் 9

சாக்கைக் குப்பை வண்டியில் போட்டேன். கேப்டன் வண்டி திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். நானும்தான்.

ஜூன் 14

தடித்த கோட்டுக் கைக்கு மேல் துண்டைச் சுற்றி நின்றேன். பாய்ந்தான். கவ்வினான். ஒரு வார்த்தை விடவில்லை நான். எப்பேர்ப்பட்ட வாய் இது, கல்யாண வீட்டில் மைக் இல்லாமலே சமாளிக்கிற வாய். கடைசியில் சலித்துப்போய் விட்டுவிட்டான்.

அப்புறமும் பேசவில்லை. யாரோடு பேச?

ஜூன் 19

மழை. அடுகோடியிலும் பெய்திருக்கும். கொடியில் கிடக்கும் துணியை எடுத்தாளோ என்னவோ.

ஜூன் 22, ஞாயிறு

பக்கத்து வீட்டு மைக்கேல்ராஜ் மதில்மேல் எட்டிப்பார்த்தான். "என்ன கிளாரன்ஸண்ணே, ஷோவே காணோம்? ஊர்லேர்ந்து மச்சான் வந்திருக்கான், ஒரே ஒரு அட்டாக் காட்டுங்க."

நாக்கு துறுதுறுத்தது. கேப்டனைப் பார்த்தேன். இல்லை என்றேன்.

பிறகு டோரீனுக்குப் போன் போட்டு, சாக்கு விஷயம், கோழித்துண்டு எல்லாம் சொன்னேன். கொஞ்சம் அழகாக்கித்தான் சொன்னேன், ஆனால் சொல்லிவிட்டேன்.

"அப்போ கடிச்சது அவன் இல்ல," என்றாள். "நீங்க."

ஜூன் 25

வெறும் கோழித்துண்டுக்காகவா, எனக்காகவா தெரியவில்லை. துண்டைச் சுற்றினாலே இப்போது உட்கார்ந்துவிடுகிறான்.

ஜூன் 29, ஞாயிறு

பூசை முடிந்து டோரீன் வந்தாள். கேப்டன் கழுத்துக் கயிறு என் கையில். வாசலிலேயே நின்று, முந்தானையை எடுத்து, வேண்டுமென்றே கையில் சுற்றினாள். கடிபட்ட அந்தக் கைதான்.

"வேணாம்" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

கேப்டன் கையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். உட்கார்ந்தான்.

"இதுக்கு ஏதோ குடுக்கணும்னீங்களே, எங்க?" என்றாள். கொடுத்தேன். அவளே ஊட்டினாள், விரல் நுனியால், பயந்துகொண்டே.

மதில்மேலிருந்து மைக்கேல்ராஜ்: "எப்படிண்ணே அடக்குனீங்க?"

டோரீன் என் முகத்தையே பார்த்தாள்.

"சும்மா நின்னேன்," என்றேன். நாளைக்கு அவனிடம் வேறு மாதிரி சொல்லிக்கொள்ளலாம்.

அவள் பையோடு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அடுக்களையில், காலையில் நான் வைத்த ரசத்தைக் கழுவுதொட்டியில் கொட்டும் சத்தம் கேட்டது.