அந்தமானில் சொல்லாதது

தை 9, வெள்ளி

இன்று மதியம் எங்கள் ஊர் நெரவிக்குத் திரும்பினோம். புற்றுநோய் சிகிச்சைக்கு நடுவே என் மனைவி செல்வி ஆசைப்பட்டுக் கேட்ட அந்தமான் பயணம். மழைக்காட்டில் வழிகாட்டிக்கு ஈடுகொடுத்து நடந்தாள். கிளிக்கூட்டத்தைக் கண்டு என் கையைப் பிடித்து இழுத்தாள். தீவுக் கடலில் முழங்கால் நனைய நின்று சிரித்தாள். மருந்து வேலை செய்கிறது என்று நம்பினேன்.

மாலையில் துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னாள்.

"திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்கு நான் வரலங்க. இனிமே ஊசி வேணாம், ஒடம்பு தாங்கல. அதனாலதான் அந்த ஊரெல்லாம் பாக்கணும்னு கேட்டேன்."

"அங்கயே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா நீங்க சிரிச்சிருப்பீங்களா?"

மீதித் துணியை வாங்கி நானே கொடியில் போட்டேன்.

இப்போது தூங்குகிறாள். திங்கட்கிழமை கெஞ்சி அழைத்துப் போவதா, அவள் விருப்பப்படி விட்டுவிடுவதா? அழைத்துப் போனால் கடலில் நின்று சிரித்தவள் எனக்கு இல்லை; விட்டுவிட்டால் அவளே எனக்கு இல்லை.