கணக்கில் சேராத பதினோரு மணி நேரம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். நான் நலம். அப்பாவும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் சொன்னால் அவர் காதில் விழும், அவரைத் தனியே விட்டு வெளியே போகவும் முடியவில்லை, அதனால்தான் பேனாவைத் தேடி எடுத்தேன். அவருக்குக் காய்ச்சல், தொண்டை கட்டியிருக்கிறது, தூங்குகிறார் என்று உன்னிடம் சொன்னதெல்லாம் பொய். காலில் ரத்தம் கட்டி அது நுரையீரலுக்குப் போய்விட்டது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். இப்போது குளியலறைக்குப் போய் வருவதற்குள் மூச்சு வாங்குகிறது, இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார்.

வீடு வீடாக ஏறி இறங்கி மின் மீட்டர் பார்த்தே செருப்பைத் தேய்த்த மனிதர். ரிட்டயர் ஆன மறுமாதம் நீ அந்தப் பெரிய டேப்லெட்டை அனுப்பினாய், வீடியோ காலை அணைக்காமல் வைத்தால் ஒரே வீட்டில் இருக்கிற மாதிரி இருக்கும் என்றாய், நல்ல எண்ணத்தில்தான் சொன்னாய். பல் தேய்த்ததும் அவர் அதன் எதிரே உட்கார்ந்தால் சாப்பாடும் அங்கேதான். நீ வேலைக்குக் கிளம்பிய பிறகும் உன் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருப்பார். கொஞ்சம் நடந்துவிட்டு வாங்க என்றால், நான் போற நேரம் பார்த்து அவ வந்துட்டா என்ன பண்றது என்று ஒரே பாட்டு. நானும் பெரிய யோக்கியமில்லை, மனுஷன் தொந்தரவில்லாமல் இருக்கிறாரே என்று அடுத்த அறையில் என் போனோடு ஒதுங்கிவிட்டேன்.

கால் வீங்கியதும் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். நர்ஸ் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு வயது, வேலை, வீட்டில் யார் யார் என்றெல்லாம் கேட்டுவிட்டு, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உட்கார்ந்து டிவி, போன் பார்ப்பீங்க என்றாள். ரிட்டயர் ஆனவங்க, பிள்ளைங்க தூரத்துல இருக்கிறவங்கதான் இங்க அதிகமா சொல்றாங்க, கூச்சப்படாதீங்க என்றுகூடச் சொன்னாள். நியூஸ் பார்க்கிற ரெண்டு மணி நேரம்தான் என்றார் இவர். வாசலுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன், மீதிப் பதினோரு மணி நேரத்தை எங்கே முழுங்கினீங்க என்று. முப்பது வருஷம் மீட்டரில் ஓர் எண் பிசகாத மனிதர், அது எப்படிக் கணக்குல வரும், அது பொண்ணு கூட இருக்கிற நேரம் என்கிறார். சுளுக்கு என்று தைலம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். நான் திரும்பிப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நாலாம் நாள் அவர் நாற்காலியோடு சரிந்த சத்தம் கேட்டு ஓடினேன். அன்றைக்கு லைன் தானாகத் துண்டித்துக்கொண்டது என்று நினைத்திருப்பாய். நான்தான் அணைத்தேன். நீ அப்போது எதிரேதான் இருந்தாய் கண்ணு. சத்தத்தை நிறுத்தி வைத்துவிட்டு, குனிந்து, கையிலிருந்த போனை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் கத்தியது உனக்குக் கேட்கவில்லை. உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, அந்தச் சத்தம் கேட்கும்வரை நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். டேப்லெட்டைக் கொண்டா என்று தினமும் கேட்கிறார், ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று சமாளிக்கிறேன், நீயும் அதையே சொல். லீவு கிடைத்தால் நேரில் வந்து பார்த்துவிடு, தள்ளிப்போடாதே.

நீயும் நாளெல்லாம் உட்கார்ந்து வேலை பார்க்கிறவள், மணிக்கொரு தரம் எழுந்து நட. நோய்நொடி அண்டாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டாம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. கண் திறந்ததும் அவர் முதலில் கேட்டது, பொண்ணு பார்த்துப் பயந்துட்டாளா என்றுதான். ஆமாம், ரொம்ப அழுதா என்று சொல்லியிருக்கிறேன். அவரிடம் பேசும்போது நீயும் அப்படியே சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா