சாச்சா நிரப்பிய வாளி

வெள்ளி, இரவு.

கோபம் இன்னும் அடங்கவில்லை. குளோரின் போகட்டும் என்று நேற்றே பைப் தண்ணீரை வாளியில் பிடித்து முற்றத்தில் வைத்திருந்தேன். இன்று மாலை அதை மீன் தொட்டியில் ஊற்றினேன். சற்று நேரத்தில் கப்பி மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. பாதி செத்துவிட்டன.

விசாரித்தால், பொத்துவிலிலிருந்து வந்திருக்கும் வாப்பாவின் தம்பி, சாச்சா, அந்தத் தண்ணீரில் அஸர் தொழுகைக்கு முகம், கை, கால் கழுவி ஒழு எடுத்திருக்கிறார். பிறகு பைப்பைத் திறந்து வாளியை நிரப்பியும் வைத்திருக்கிறார்!

"எடுத்தத நிரப்பித்தானே வெச்சன், மகள்? தண்ணியெல்லாம் ஒண்டுதானே" என்றார். "ஓம், அவர் பாவம்" என்கிறார் உம்மா. அப்போ என் மீன்கள்?

அதே வாளியில் புதிதாகத் தண்ணீர் பிடித்து, இந்த முறை என் அறைக்குள்ளேயே வைத்துவிட்டேன்.

கதவு தட்டப்படுகிறது. சாச்சாதான்.

"மகள், முத்தத்து வாளியக் காணல்லயே. விடிய சுபஹு தொழுகைக்கு ஒழு எடுக்க வேணும்."